கந்தையில் பிறந்த உறை: வங்கத்துக் காந்தாவின் கதை

பழைய புடவையை வெட்டி, நடுவில் மெத்தென்று ஏதாவது வைத்து, மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் உறை தைப்பது இன்று பலருக்குப் பிடித்த வேலை. பொருளில் கீறல் விழக்கூடாது, கைதவறினாலும் அடிபடக்கூடாது. நோக்கம் அவ்வளவுதான். இது ஏதோ புது யோசனை என்று நினைத்தால் தவறு. வங்கத்துக் கிராமங்களில் 19-ம் நூற்றாண்டிலேயே பெண்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அந்த உறைக்குள் இருந்தது கணினி அல்ல. முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, புத்தகம், பணம்!

அந்தத் தையலுக்குக் காந்தா என்று பெயர். கந்தல் துணியைக் குறிக்கும் 'கந்தா' என்ற வடசொல்லே இதற்கு மூலம் என்பார்கள். தமிழில் நாம் சொல்லும் 'கந்தை'யும் அதே உறவுதான்.

எப்படித் தைத்தார்கள்?

பலமுறை துவைத்து மென்மையாகிப்போன பருத்திப் புடவை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிப்பார்கள். சுருக்கம் நீக்கி, பெரிய தையல்கள் போட்டு அடுக்குகள் நகராமல் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஊசி மேலும் கீழுமாக ஓடும் சாதாரண ஓட்டுத் தையல்தான். தையல் நெருங்க நெருங்க, துணியில் சிற்றலை போன்ற மடிப்பு விழும். பல அடுக்குகளும் சேர்ந்து மெத்தை போலாகிவிடும். தனியாகப் பஞ்சு தேவையில்லை.

நூலையும் கடையில் வாங்கவில்லை. பழைய புடவைக் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவி எடுத்தே கோலம் போட்டார்கள். நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் மரம் அல்லது கொடி, இடையில் யானை, குதிரை, பல்லக்கு, சில சமயம் வெள்ளைக்காரச் சிப்பாய் கூட!

பயனுக்கு ஏற்பப் பெயரும் மாறியது. குளிருக்குப் போர்த்தும் தடித்த காந்தா 'லேப்'. விசேஷ நாட்களில் விரிப்பது 'சுஜனி'. புத்தகத்தையும் விலையுயர்ந்த பொருட்களையும் சுற்றி வைக்கும் சதுரத் துணி 'பேதன்'. கண்ணாடியும் சீப்பும் வைக்க 'ஆர்ஷிலதா'. சதுரத் துணியின் மூன்று மூலைகளை நடுவுக்கு மடித்துத் தைத்து, நான்காம் மூலையில் கயிறு கட்டினால் 'துர்ஜனி' என்ற பணப்பை தயார். இன்றைய கைப்பேசி உறைக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

கணக்கில் வராத உழைப்பு

வணிகக் கண்ணோடு பார்த்தால் காந்தா ஒரு விசித்திரமான பொருள். மூலப்பொருள் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். நூலுக்கும் செலவில்லை. ஒரு பெரிய காந்தாவை முடிக்க மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். வீட்டு வேலை முடிந்த மதியங்களில் செய்த அந்த உழைப்பை யாரும் எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை. காரணம், அது விற்பதற்காகத் தைத்தது அல்ல. மகளுக்கு, மருமகனுக்கு, பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று தைத்தது.

1929-ல் ஜசீமுத்தீன் எழுதிய 'நக்ஷி காந்தார் மாட்' என்ற வங்கக் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கையையே காந்தாவில் தைக்கிறாள். அவள் இறந்தபின் அது அவளுடைய கல்லறைமேல் விரிக்கப்படுகிறது. ஒரு கந்தல் துணிக்கு அந்த மண்ணில் இருந்த மதிப்பு இதிலிருந்தே தெரியும்.

நகரத்துப் படித்தவர்கள் இதைக் கலையாகக் கவனித்தது தாமதமாகத்தான். ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகச் சென்று காந்தாக்களைச் சேகரித்தார். அவை கொல்கத்தா அருகே ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-ல் காந்தா பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் சேர்த்தவை பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தை அடைந்தன.

விலை வந்தது, கந்தை போனது

ஆலைத் துணி மலிவானதாலும், 1947 பிரிவினையில் குடும்பங்கள் சிதறியதாலும் இந்தப் பழக்கம் தளர்ந்தது. பிறகு மறுமலர்ச்சியும் வந்தது. வங்கதேசத்தில் 1978-ல் தொடங்கிய ஆரோங் போன்ற கடைகளும், மேற்கு வங்கத்தில் சாந்திநிகேதன் வட்டாரத்துக் குழுக்களும் காந்தாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. கிராமத்துப் பெண்களுக்கு முதல்முறையாக அந்தத் தையலுக்குக் கூலி கிடைத்தது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. பழைய துணிக்குக் கடையில் விலை இல்லை. ஆகவே புதுப்பட்டில், வாங்கிய நூலில், பெரும்பாலும் ஒற்றை அடுக்கில் தைக்கத் தொடங்கினார்கள். தையல் பிழைத்தது, கந்தையும் அடுக்கும் போயின. இன்று 'காந்தா புடவை' என்றால் பலருக்கும் தெரியும். பழம்புடவையில் பிறந்த ஆர்ஷிலதாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

உழைப்புக்குக் கூலி வந்தது லாபம். பொருளை வீணாக்காத புத்தி கைவிட்டுப் போனது நஷ்டம். இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுத வேண்டும். கிழிந்த புடவையை மடித்து ஒருவர் தன் மடிக்கணினிக்கு உறை தைக்கும்போது, அந்த நஷ்டத்தில் ஒரு சிறு பங்காவது திரும்பி வருகிறது.