பெட்ரோலில் ஈயம் கலந்த கதை

பெட்ரோல் பங்கில் "சாதாவா, பிரீமியமா சார்?" என்று கேட்டால் பலருக்கும் ஒரு சபலம் தட்டும். ஆக்டேன் கூடினால் வண்டி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. பாலிடெக்னிக்கில் நான் ஆட்டோமொபைல் பாடம் எடுத்த வருடங்களில் மாணவர்களும் இதையே கேட்பார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமைக்குப் போடும் மார்க் என்று சொல்வேன்.

சிலிண்டருக்குள் பெட்ரோல், காற்றுக் கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்ததும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் வரும். அதுதான் நாக்கிங். முற்றினால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். முந்திக்கொண்டு வெடிக்காத பெட்ரோல் கிடைத்தால் கலவையை இன்னும் இறுக்கி அழுத்தும் என்ஜினைக் கட்டலாம், கூடுதல் சக்தி எடுக்கலாம். குறைந்த அழுத்தத்துக்கென்றே கட்டிய என்ஜினில் அதை ஊற்றினால் பர்ஸ்தான் இளைக்கும்.

இந்த நாக்கிங்கைத் துரத்திப் போனவர் தாமஸ் மிட்ஜ்லி. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்தார். பனிக்காலம் முடியுமுன்பே பூக்கும் ஒரு காட்டுச்செடியின் இலைப் பின்புறம் சிவப்பாக இருக்கிறதே, சிவப்பு நிறம் சூட்டை உறிஞ்சுமோ என்று இருவருக்கும் ஒரு யோசனை. சிவப்புச் சாயம் கைவசம் இல்லாததால் எரிபொருளில் அயோடினைக் கலந்தார்கள். நாக்கிங் குறைந்தது! பிறகு அசல் சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தப்பான யோசனை சரியான கதவைத் திறந்துவிட்டது. அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். டெல்லூரியம் நன்றாக வேலை செய்தது, ஆனால் பூண்டு நாற்றம் தாங்கவில்லை. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். துளியூண்டு கலந்தாலே சத்தம் நின்றது.

சாராயமும் நாக்கிங்கை அடக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அதை யாரும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. போதாக்குறைக்கு அப்போது அங்கே மதுவிலக்கு வேறு. ஈயத்துக்குக் காப்புரிமை உண்டு. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில் ஈயம் என்ற சொல்லே கிடையாது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, வெறி பிடித்தவர்கள் போலானார்கள். 5 பேர் இறந்தார்கள். அந்தப் பொருளுக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயரே பைத்தியக்கார கேஸ். மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, எல்லார் கண் முன்னாலும் அதில் கையைக் கழுவி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருடம்தான் அவரே ஈய நஞ்சு ஏறி, ஃபுளோரிடாவுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார். இதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1925லேயே எதிர்த்துப் பேசினார். சிறிது காலம் நிறுத்தியிருந்த விற்பனை மறுபடி தொடங்கியது.

ஈயத்தால் கிடைத்த ஆதாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1940இல் பிரிட்டிஷ் போர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தபோது, ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜினுக்குள் காற்றை இன்னும் அழுத்தித் திணிக்க முடிந்தது. சுமார் 1,000 குதிரைத்திறன் தந்த என்ஜின், தாழ்வான உயரங்களில் 1,300ஐத் தாண்டியது. அந்தப் பெட்ரோலிலும் ஈயம் இருந்தது.

தெருவில் ஓடிய கார்கள் கக்கிய ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வுக்கூடத்தில் எங்கு தொட்டாலும் ஈயமாக இருப்பதைக் கண்டு, 1965 முதல் வெளிப்படையாகப் போராடினார். இந்தியாவில் 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலப்பது நின்றது. உலகில் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021இல்.

இப்போது நம் பங்குகளில் பெட்ரோலோடு 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த அதே சாராயம்தான். ஆக்டேன் கூடுகிறது, மைலேஜ் குறைகிறது என்று புகாரும் வருகிறது. அந்தக் கணக்கை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.