டெல்லி டிசைன் இளையரசனேந்தலில் ஏன் எடுபடாது? 'பாராமெட்ரிக்' பேனல் வரிசை எப்படி வேலை செய்கிறது?

வீடு, கடை, பள்ளி என எதுவாக இருந்தாலும் முன்பக்க எலிவேஷனில் அலுமினியப் பட்டை, ஜாலி, ஏசிபி ஷீட் என்று பேனல்களை வரிசையாக அடுக்குவது இப்போது சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டது. இந்தப் பேனல்களை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லை. சில எண்களைக் கொடுத்தால் கணினியே நூற்றுக்கணக்கில் அடுக்கிக் கொடுத்துவிடும். இதற்குப் பெயர்தான் 'பாராமெட்ரிக்' முறை.

வேலை மிச்சம்தான். ஆனால் ஊர் மாறும்போது ஒரே ஒரு எண்ணை மாற்ற மறந்தாலும், அந்தத் தவறும் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டுவிடும். அது எப்படி என்பதை, கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் உள்ள இளையரசனேந்தலின் வெயிலை வைத்துப் பார்க்கலாம்.

பாராமெட்ரிக் என்றால் என்ன?

18 மீட்டர் நீளச் சுவர் ஒன்று இருக்கிறது. அதில் 60 செ.மீ அகலப் பேனல் வைத்தால் ஒரு வரிசைக்கு 30 பேனல். "அகலத்தை 50 ஆக்குங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் 36 பேனல். சாதாரண வரைபடம் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப வரைய வேண்டும். பாராமெட்ரிக் மாடலில் 60 என்ற எண்ணை 50 ஆக மாற்றினால் போதும். எண்ணிக்கை, இடைவெளி, பொருள் பட்டியல் எல்லாம் தானாக மாறிவிடும்.

ஏன்னா, அந்த மாடலில் இருப்பது வெறும் கோடுகள் அல்ல, விதிகள். 'சுவர் நீளத்தைப் பேனல் அகலத்தால் வகுத்தால் எண்ணிக்கை' என்பது ஒரு விதி. அகலம், உயரம், ஆழம், சாய்வு போன்ற மாற்றக்கூடிய எண்கள்தான் 'பாராமீட்டர்'.

புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். முதலில் புள்ளி, பிறகுதான் கோடு. புள்ளிகளின் இடைவெளி மாறினால் கோலமும் பெரிதாகும், சிறிதாகும். போடும் விதி மட்டும் மாறாது.

எந்த மென்பொருளில் செய்கிறார்கள்?

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ரெவிட் பரவலாகப் பயன்படுகிறது. அதற்குள் விதிகளை எழுத டைனமோ உண்டு. சிக்கலான வளைவுகளுக்கு ரைனோவும் அதனுடன் வரும் கிராஸ்ஹாப்பரும் பெயர் பெற்றவை. சூரியனின் பாதையைக் கணக்கிட கிராஸ்ஹாப்பருடன் லேடிபக் என்ற இலவசக் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மென்பொருளாக இருந்தாலும் அடிப்படை வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பேனல் வரிசையை உருவாக்குவது எப்படி?

1. முதலில் ஒரே ஒரு பேனல். ரெவிட்டில் இதை 'ஃபேமிலி' என்பார்கள். நேரடியாகப் பேனலை வரையக் கூடாது. முதலில் ஆதாரக் கோடுகளைப் போட்டு, அவற்றுக்கு இடையே அளவு கொடுத்து, அந்த அளவுக்குப் பெயர் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பேனலின் விளிம்பை அந்தக் கோடுகளில் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் எண் மாறும், பேனல் மாறாது.

2. எந்த எண் எல்லோருக்கும் பொது, எது தனித்தனி? 'டைப்' பாராமீட்டரை மாற்றினால் அந்த வகைப் பேனல்கள் அத்தனையும் மாறும். 'இன்ஸ்டன்ஸ்' பாராமீட்டர் என்றால் தேர்ந்தெடுத்த பேனல் மட்டும் மாறும். பட்டையின் தடிமன் பொதுவாக இருக்கலாம். சாய்வு இடத்துக்கு இடம் மாற வேண்டுமென்றால் அது தனியாக இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

3. சுவரைக் கட்டங்களாகப் பிரிப்பது. எத்தனை கட்டம் என்றும் சொல்லலாம், ஒரு கட்டத்தின் அளவு இவ்வளவு என்றும் சொல்லலாம். ஓரத்தில் முழுக் கட்டம் வராவிட்டால் பேனலை வெட்டுவதா, வெளியே நீட்டுவதா, காலியாக விடுவதா என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும்.

4. பேனலைப் புள்ளிகளில் உட்கார வைப்பது. நான்கு மூலைகளையும் ஒரே வரிசைக் கிரமத்தில் தொட வேண்டும். கிரமம் மாறினால் பேனல் முறுக்கிக்கொள்ளும், அல்லது உள்பக்கம் வெளியே திரும்பிவிடும். ஒன்று சரியாக உட்கார்ந்தால் 'ரிப்பீட்' கொடுத்து மீதியை நிரப்பிக்கொள்ளலாம்.

சரி, ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வெயிலைத் தடுக்கும் பேனலுக்கு மிக முக்கியமான பாராமீட்டர் சூரியன் நிற்கும் கோணம். அதைத் தீர்மானிப்பது அட்சரேகை. டெல்லி இருப்பது சுமார் 28.6 டிகிரி வடக்கில். இளையரசனேந்தல் இருப்பது சுமார் 9.2 டிகிரி வடக்கில்.

கடகரேகை (23.4 டிகிரி) டெல்லிக்குத் தெற்கே ஓடுகிறது. அதனால் டெல்லியில் வருடத்தின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் தெற்குப் பக்கமாகத்தான் இருக்கும். வடக்குச் சுவருக்கு நண்பகல் வெயிலே கிடையாது. அங்கே தயாரான மாடலில் வடக்குச் சுவருக்குப் பட்டை வைக்காமல் விட்டிருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

இளையரசனேந்தலில் கதை வேறு. சித்திரைப் பிறப்பை ஒட்டி சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை, கிட்டத்தட்ட நாலரை மாதம், நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான். கத்திரி வெயில் காலமும் இதற்குள் வருகிறது. அப்போது வடக்குச் சுவருக்கும் நிழல் தேவை.

எவ்வளவு ஆழம் வேண்டும்?

கிடைமட்டப் பட்டைகளுக்கு ஒரு எளிய விதி உண்டு: பட்டைகளுக்கு இடையிலான இடைவெளியை, சூரியனின் உயரக் கோணத்தின் 'டேன்' மதிப்பால் வகுத்தால் தேவையான ஆழம் கிடைக்கும். இடைவெளி 30 செ.மீ என்று வைத்துக்கொண்டால், இளையரசனேந்தலுக்குக் கணக்கு இப்படி வரும்:

* வடக்குச் சுவர், ஜூன் 21 நண்பகல்: சூரியன் சுமார் 76 டிகிரி உயரத்தில். ஆழம் சுமார் 7.5 செ.மீ.
* தெற்குச் சுவர், டிசம்பர் 21 நண்பகல்: சுமார் 57 டிகிரி. ஆழம் சுமார் 19 செ.மீ.
* மேற்குச் சுவர், மாலையில் சூரியன் 30 டிகிரிக்கு நேர் எதிரே இறங்கும்போது: சுமார் 52 செ.மீ.

டெல்லியின் தெற்குச் சுவரில் டிசம்பர் நண்பகல் வெயிலை முழுவதும் மறைக்க சுமார் 38 செ.மீ தேவைப்படும். ஆனால் அங்கே குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரட்டும் என்றுதான் நினைப்பார்கள். கரிசல் பூமியில் அந்தத் தேவை இல்லை. விதி ஒன்றாக இருந்தாலும் ஊரும் தேவையும் மாறும்போது விடையும் மாறிவிடுகிறது.

மேற்குச் சுவர் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 30 செ.மீ இடைவெளிக்கு 52 செ.மீ ஆழம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. எனவே அங்கே செங்குத்துப் பட்டை, சாய்ந்த பட்டை அல்லது நெருக்கமான ஜாலி என்று பேனலின் வகையையே மாற்ற வேண்டும். எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது.

பட்டறைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

திரையில் அழகாக இருப்பது ஃபேப்ரிகேஷன் பட்டறையில் அப்படியே வந்துவிடாது. மூன்று விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, சமதளம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். நான்கு புள்ளிகள் அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வளைந்த பரப்பில் நான்கு மூலைக் கண்ணாடியை அடுக்கினால் சில இடங்களில் முறுக்கிய கண்ணாடி தேவைப்படும். அதற்குச் செலவு அதிகம். முக்கோணமாகப் பிரித்தால் இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது, வகைகளின் எண்ணிக்கை. 300 பேனலும் 300 அளவில் இருந்தால் வெட்டுக்கூலியும் குழப்பமும் கூடும். சாய்வை 10, 20, 30 டிகிரி என்று சில படிகளில் நிறுத்திக்கொண்டால் சில வகைகளே போதும்.

மூன்றாவது, வெப்ப விரிவு. 3 மீட்டர் அலுமினியப் பட்டை 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் சுமார் 3 மி.மீ நீளும். நேரடி வெயிலில் உலோகம் காற்றைவிட அதிகம் சூடேறும் என்பதால் இது நடக்கக்கூடியதுதான். அதனால் இணைப்பு இடைவெளியையும் ஒரு பாராமீட்டராக வைக்க வேண்டும்.

எங்கெல்லாம் இருக்கிறது?

கணினி வருவதற்கு முன்பே இந்த யோசனை இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட அடைப்புகள் வெயிலைத் தடுத்து காற்றை உள்ளே விடுகின்றன. ஆரோவில்லில் 2008-ல் நிறைவடைந்த மாத்ரி மந்திர், ஒரே விதமான வடிவத்தை வளைந்த பரப்பில் திரும்பத் திரும்ப வைப்பதற்கு உதாரணம். அந்தக் கோளத்தின் மேல் சுமார் 1,400 பொன்னிற வட்டத் தட்டுகள் இருக்கின்றன.

அபுதாபியில் 2012-ல் முடிந்த அல் பஹார் கோபுரங்களில், கோபுரத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேனல்கள் வெயிலுக்கு ஏற்ப விரிந்து சுருங்குகின்றன. அதே நகரில் 2017-ல் திறக்கப்பட்ட லூவ்ர் அருங்காட்சியகத்தின் 180 மீட்டர் அகலக் குவிமாடம், 8 அடுக்குகளில் 7,850 நட்சத்திர வடிவங்களால் ஆனது.

மாடல் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மென்பொருளில் இடத்தைக் குறிக்காவிட்டால், டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருக்கும் வேறு ஊரின் சூரியனை வைத்தே நிழல் விழும். அதேபோல் தாளில் மேல்பக்கம் இருப்பது வேறு, உண்மையான வடக்கு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

இடத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மாடலில் ஒரு நேர்க்குச்சியை நட்டு, தேதியை ஏப்ரல் 14, நேரத்தைப் பகல் 12.20 என்று வையுங்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால், மேற்கே தள்ளியிருக்கும் இளையரசனேந்தலில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த நேரத்தில்தான். குச்சியின் நிழல் கிட்டத்தட்ட மறைந்துவிட வேண்டும். நிழல் நீளமாக விழுந்தால் மாடலில் இருப்பது வேறு ஊர். அதைத் திருத்திய பிறகு, காலை 9 மணிக்கு நிழல் மேற்கே விழுகிறதா என்றும் பாருங்கள். வேறு திசையில் விழுந்தால் வடக்கு தவறாக இருக்கிறது. இரண்டும் சரியான பிறகு பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கலாம்.