பைண்டர் படித்த ரசாயனம்

மைக்கேல் ஃபாரடேயைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாக எல்லோருமே ஏழைப் பையன் விஞ்ஞானியான கதையாகத்தான் அதைச் சொல்கிறார்கள். நீதிக்கதையில் எனக்கு அக்கறை இல்லை. அவர் எப்படிப் படித்தார் என்பதுதான் என் கேள்வி.

1805இல், 14 வயதில், லண்டனில் ரீபோ என்பவரிடம் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷப் பயிற்சி. பைண்டிங்குக்கு வந்தவற்றைப் படித்தார். அவற்றில் இரண்டை முக்கியமாகச் சொல்ல வேண்டும்: பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட்டின் ‘ரசாயன உரையாடல்கள்’.

மார்செட் ரசாயன நிபுணர் அல்ல. ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுப் புரியாமல் திகைத்தவர். பிறகு ஒரு நண்பரோடு பேசிப் பேசித் தெளிந்தவர். அந்தத் தெளிவு நேர்ந்த விதத்தையே புத்தகத்தின் உருவமாக்கினார்: ஓர் ஆசிரியை, கேள்வி கேட்கும் இரண்டு பெண்கள். 1806இல் வந்த முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது. 1807இல் டேவி மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தபோது, அடுத்த பதிப்புகளில் அவையும் ஏறின.

இந்தப் புத்தகத்தை ஃபாரடே நம்பவில்லை, சோதித்தார். கைக்காசுக்கு எட்டிய சின்னச் சின்னப் பரிசோதனைகளைச் செய்து, சரியாக வந்த பிறகே நம்பினார். மார்செட் இறந்த 1858இல் இதை ஒரு கடிதத்தில் நினைவுகூர்கிறார். அரேபிய இரவுக் கதைகளையும் கலைக்களஞ்சியத்தையும் ஒரே சுலபத்தில் நம்பிவிடக்கூடிய கற்பனைக்காரனாகத் தான் இருந்ததாகவும், உண்மைகளைச் சோதிக்கும் பழக்கமே தன்னைக் காப்பாற்றியதாகவும் அதில் சொல்கிறார். தன் சுபாவத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்த வாசகர்கள் குறைவு.

அந்தப் புத்தகத்தில் பிழையும் இருந்தது. லவாய்சியர் 1789இல் தந்த 33 எளிய பொருள்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும் உண்டு. மார்செட்டும் வெப்பத்தை ‘கலோரிக்’ என்ற பொருளாகவே விளக்குகிறார். பின்னால் அந்தக் கலோரிக் காணாமல் போயிற்று. ஃபாரடேவிடம் தங்கியது புத்தகத்தின் முடிவுகள் அல்ல, அதைப் படித்த முறை. 1813இல் டேவியின் உதவியாளரானார். 1825இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார்.

நானும் ரசாயனம் படித்தவன்தான். பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு. கொடுக்கப்போகும் உப்பு எது என்பது முன்பே கசிந்துவிடும். முடிவை எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி சோதனைகளைப் பின்னாலிருந்து நிரப்புவோம். நிறம் மாறியதா என்று குழாயைப் பார்த்த ஞாபகம்கூட இல்லை. மதிப்பெண் கிடைத்தது.

பி.ஏ. ஆங்கிலம் முடித்து விமர்சனம் எழுத வந்தபோதும் அதே நோட்டைத்தான் கையில் கொண்டுவந்தேன். ‘இறுக்கம்’, ‘முரண்’, ‘தொனி’ எல்லாம் ஆங்கில விமர்சன நூல்களிலிருந்து கசிந்த விடைகள். கவிதையைப் பின்னால் நிரப்பினேன். நம்மில் பலரும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. கலைச்சொல் கடன் வாங்கியதாக இருப்பதில் தவறில்லை. ஃபாரடேயும் கடன் வாங்கித்தான் தொடங்கினார். குழாயைப் பார்க்காததுதான் தவறு.

சென்ற மாதம் என் பழைய மதிப்புரை ஒன்றை எடுத்து, ‘இறுக்கம்’ என்று எழுதியிருந்த ஒவ்வோர் இடத்திலும் கவிதையின் வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து இடங்களில் இரண்டில்தான் அந்தச் சொல் நின்றது.