விலையற்ற பொருளின் சந்தை: தானமான என்பு பண்டமான வரலாறு

பொருளொன்று சந்தைக்கு வருவதாயின் அதற்கு ஓர் உரிமையாளன் வேண்டும்; அவன் அதனை விற்க வேண்டும்; பிறிதொருவன் அதனை வாங்க வேண்டும். பொருளியலின் இவ்வரிச்சுவடிப் பாடத்துக்கு அடங்காத சந்தையொன்று கடந்த நாற்பது ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவிலே வளர்ந்து பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது. இறந்தோரின் என்புகளே அச்சந்தையின் மூலப்பொருள். அவற்றை எவரும் விற்பதில்லை, விற்பது குற்றம். ஆயினும் கம்பனிகள் அவற்றின் பொருட்டுப் போட்டியிடுகின்றன, வழக்காடுகின்றன, பங்குச்சந்தையில் முதல் திரட்டுகின்றன, ஒன்றையொன்று விழுங்குகின்றன. இம்முரண்பாடு தோன்றிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவரது என்பை மற்றொருவருக்குப் பொருத்தும் முயற்சிகளுள் நம்பத்தகுந்த முறையிற் பதிவுபெற்ற முதலாவது ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குரியது. நோயினால் மேற்கை என்பின் பெரும்பகுதியை இழந்த சிறுவன் ஒருவனுக்கு, சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் மக்கீவன் 1879-80ஆம் ஆண்டுகளில் வேறு பிள்ளைகளின் கணைக்கால் என்புத் துண்டுகளை வைத்து ஒட்டினார். அப்பிள்ளைகள் ரிக்கெற்ஸ் நோயினாற் கால் வளைந்தவர்கள். அவ்வளைவை நிமிர்த்துகையில் வெட்டி அகற்றப்பட்ட துண்டுகளே சிறுவனின் கையாயின. போதிய உணவும் சூரிய ஒளியும் கிட்டாத தொழிலாளர் குடியிருப்புகளிற் பெருகிய நோய் அது. கைத்தொழில் நகரின் வறுமை வளைத்த என்பு அதே நகரின் மற்றொரு பிள்ளைக்கு உதவியது என்பது மனங்கொள்ளத்தக்கது. அன்று அத்துண்டுகளுக்கு விலை பேச எவருமிலர், அவை கழிவு.

என்பைச் சேமித்து வைக்க இயலும் என்றானபோதே நிலைமை மாறத் தொடங்கியது. குளிரூட்டிச் சேமித்த என்பைப் பயன்படுத்திய அனுபவத்தைக் கியூபாவின் ஹவானாவைச் சேர்ந்த அல்பேர்த்தோ இன்கிளான் 1942இல் வெளியிட்டார். 1949இல் அமெரிக்கக் கடற்படை பெதெஸ்டாவில் இழைய வங்கியொன்றை நிறுவியது. உறைய வைத்து உலர்த்தும் முறை அங்கு விருத்தியடைந்ததும், மாதக்கணக்கில் அலுமாரியில் வைத்து எங்கும் அனுப்பத்தக்க பொருளாக என்பு மாறிற்று. 1965இல் மார்ஷல் யூரிஸ்ற், கனியுப்புகள் நீக்கப்பட்ட என்பு புதிய என்பின் வளர்ச்சியைத் தானே தூண்டுவதைக் காட்டினார். கெடாத பொருள், தூளாக்கவும் பசையாக்கவும் இயலும் பொருள், தனக்கெனச் செயலாற்றல் உடைய பொருள் என்ற இம்மூன்று பண்புகளும் சேர்ந்தபோது, பண்டமாவதற்கு வேண்டிய பௌதிகத் தகுதிகள் அனைத்தும் என்புக்கு வந்துவிட்டன. எஞ்சியிருந்தது சட்டம் மட்டுமே.

அச்சட்டம் 1984இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், வறிய நாட்டவரின் சிறுநீரகங்களைத் தரகு முறையில் பெற்றுக் கொடுக்கத் திட்டமிட்டமை பெருங் கண்டனத்தை எழுப்பியிருந்தது. தேசிய உறுப்பு மாற்றுச் சட்டம், மனித உறுப்பை விலைக்குப் பெறுவதையும் கொடுப்பதையும் தடைசெய்து, மீறுவோருக்கு 50,000 டொலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் விதித்தது. உறுப்பு என்பதன் வரைவிலக்கணத்துள் என்பும் தோலும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டன. ஆனால், அகற்றல், கொண்டு செல்லல், பதப்படுத்தல், பாதுகாத்தல், தரம் பேணல், களஞ்சியப்படுத்தல் ஆகியவற்றுக்கான 'நியாயமான கொடுப்பனவுகள்' விலையாகா என்றும் அதே சட்டம் கூறியது. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இவ்விலக்கினால் விளைந்தது சிறிதே. சில மணி நேரத்துள் பொருத்தப்பட வேண்டிய உறுப்பில் எவரும் பெரிதாக வேலை செய்ய இயலாது. என்பின் கதை வேறு. அதில் எவ்வளவு வேலையும் செய்யலாம். எவ்வளவு வேலை செய்யப்படுகின்றதோ அவ்வளவுக்குக் கட்டணமும் கேட்கலாம். நியாயம் என்ற சொல்லுக்கு எல்லை யாது எனச் சட்டம் சொல்லவில்லை. சிறுநீரகத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட வாசகம் என்புக்கு வாயிலைத் திறந்து கொடுத்தது என்பதே எமது கருத்து.

அவ்வாயிலினூடே முதலிற் புகுந்தவற்றுள் ஒஸ்ரியோரெக் கம்பனி குறிப்பிடத்தக்கது. 1986இல் நியூ ஜேர்சி மாநிலத்திலே தொடங்கப்பட்ட இக்கம்பனி, 1987இல் அதே மாநிலத்தில் எழுந்த தசை-என்பு மாற்று நிதியம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்புக்காக என்புகளைப் பதப்படுத்தியது. தானத்தைப் பெறுவது தரும நிறுவனம். அதில் வேலை செய்து கட்டணம் பெறுவது கம்பனி. ஒரே பொருள் ஒரு கையில் கொடையாகவும் மறுகையில் தொழிலாகவும் இருந்தது. யூரிஸ்ற்றின் கண்டுபிடிப்பை அடியொற்றி, கனியுப்பு நீக்கிய என்பைக் கிளிசரினுடன் கலந்த 'கிராஃப்ரன்' என்னும் பசையை 1990களின் தொடக்கத்தில் ஒஸ்ரியோரெக் வெளிக்கொணர்ந்தது. போட்டிக் கம்பனியான ஜென்சை அதனை ஒத்த பொருளை விற்கவே வழக்குப் பிறந்தது. 2001இல் கலிபோர்னிய யூரிகள் ஒஸ்ரியோரெக்குக்கு 17.5 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்கத் தீர்த்தனர். இவ்வழக்கை ஊன்றி நோக்குதல் வேண்டும். என்பின் மீது எவருக்கும் சொத்துரிமை இல்லை. என்பைக் கிளிசரினுடன் கலக்கும் முறையின் மீது இருந்தது. அதனை மீறியதற்கு மில்லியன் கணக்கில் விலை இருந்தது. என்பைக் கொடுத்த குடும்பங்கள் இவ்வழக்கில் ஒரு தரப்பேயல்ல.

புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் இழைய வங்கி சென்ற பாதையும் இதுவே. தொடையென்பைக் கடைசல் இயந்திரத்திலிட்டு, முள்ளந்தண்டின் முள்ளென்புகளிடையே திருகிப் பொருத்தத்தக்க புரியுடைய ஆணிகளாக அவ்வங்கி செய்தது. அவற்றைச் சந்தைப்படுத்தியது முள்ளந்தண்டுக் கருவிகள் ஆக்கும் பெருங் கம்பனி. 1998இல் வங்கியிலிருந்து ரீஜெனரேஷன் ரெக்னொலொஜீஸ் என்னும் கம்பனி பிரிந்தது. 2000இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. பல்கலைக்கழகச் சூழலிற் பயில்வோர் இவ்வுதாரணத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

பிரித்தானிய சமூகவியலறிஞர் ரிச்சாட் திட்மஸ் 1970இல் வெளியிட்ட 'கொடை உறவு' என்னும் நூலில், இலவசமாகக் குருதி பெறும் பிரித்தானிய முறையையும் பணத்துக்குப் பெறும் அமெரிக்க முறையையும் ஒப்பிட்டு முன்னதே பாதுகாப்பானது என வாதிட்டார். கொடுப்பவருக்குப் பணம் வழங்கலாமா என்பதே அவரது வினாவின் மையம். என்புச் சந்தையோ அவ்வினாவைத் தலைகீழாக்கிவிட்டது. இங்கே கொடுப்பவர் ஒருவரே பணம் பெறாதவர். அவருக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவரும் பெறுகின்றனர்.

எனினும் பதப்படுத்தல் என்பது வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1985இல் வர்ஜீனியாவில் இறந்த ஒருவரது உடலில் எச்.ஐ.வி. கிருமி இருந்தமை ஆரம்பப் பரிசோதனையில் வெளிப்படவில்லை. அவரது உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கும், பதப்படுத்தாது உறைநிலையில் வைத்த என்பைப் பெற்ற மூவருக்கும் நோய் தொற்றியமை 1991இல் தெரியவந்தது. பதப்படுத்திய இழையங்களைப் பெற்றோருள் சோதிக்கப்பட்டவர்களுக்கு அது தொற்றியிருக்கவில்லை. கம்பனிகள் கட்டணம் கேட்ட வேலை உயிர் காக்கும் வேலையாகவும் இருந்தது. சிக்கல் வேலையில் அன்று, அவ்வேலைக்கு மூலப்பொருள் தேடும் வேகத்திலேயே உள்ளது.

அவ்வேகம் எங்கு கொண்டு செல்லும் என்பதை நியூ யோர்க் வழக்கு காட்டிற்று. மைக்கல் மாஸ்ட்ரோமரினோ என்னும் முன்னாள் பல்வைத்தியர் நியூ ஜேர்சியில் பயோமெடிக்கல் ரிஷு சேர்விசஸ் என்ற நிறுவனத்தை நடத்தினார். மலர்ச்சாலைகளுக்குப் பணம் கொடுத்து, அடக்கத்துக்கு வந்த உடல்களிலிருந்து உறவினர் அறியாமல் என்புகளை எடுப்பித்தார். கால்களின் வடிவம் குலையாதிருக்க நீர்க்குழாய்க்குரிய பிளாஸ்ரிக் குழாய்கள் உள்ளே வைக்கப்பட்டன. சம்மதப் பத்திரங்கள் போலியானவை. இவ்வாறு கையாளப்பட்ட உடல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. பி.பி.சி. வானொலியில் 'அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்' என்ற நிகழ்ச்சியை 1946 தொடக்கம் 2004 வரை நடத்திய அலிஸ்ரெயர் குக்கின் உடலும் அவற்றுள் ஒன்று. அவர் 95 வயதில், என்புக்கும் பரவிய நுரையீரற் புற்றுநோயினால் இறந்தவர். பத்திரத்திலோ வயது 85, காரணம் மாரடைப்பு. இவ்வழியில் எடுக்கப்பட்ட இழையங்கள் பெயர்பெற்ற பதப்படுத்துங் கம்பனிகளினூடே வைத்தியசாலைகளைச் சென்றடைந்தன. 2006இல் உணவு, மருந்து நிர்வாகம் அந்நிறுவனத்தை மூடியது. 2008இல் அவருக்கு 18 முதல் 54 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. 2013இல் அவர் இறந்தார். வாங்கிய கம்பனிகள் தாமும் ஏமாற்றப்பட்டதாகவே கூறின. பத்திரத்தை நம்பி உடலைப் பாராதிருக்கும் முறைமையில் அப்படிக் கூறுவது எப்போதும் எளிது.

அதே 2008இல் ரீஜெனரேஷன் ரெக்னொலொஜீஸ், ஜேர்மனியில் பதப்படுத்தும் ஆலை வைத்திருந்த ருற்றோஜென் கம்பனியுடன் இணைந்தது. 2010இல் மெட்ரோனிக் 123 மில்லியன் டொலருக்கு ஒஸ்ரியோரெக்கை வாங்கியது. சிறு கம்பனிகளின் போட்டி பெருங் கம்பனிகளின் ஒருங்குசேர்தலில் முடிவது ஏனைய கைத்தொழில்களிற் காணப்படுவதே.

இதற்கு மாறான பாதை இல்லாமலில்லை. எமது நாட்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964 முதல் பிற நாடுகளுக்கும் கண்களைக் கொடையாக அனுப்பியது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன் பின்னர் கொழும்பில் அமைந்த மனித இழைய வங்கி, காமாக் கதிர்களால் என்பைத் தொற்றுநீக்கும் முறையைக் கைக்கொண்டது. இதனைக் கொண்டு எமது அறத்தின் மேன்மையைப் பேசத் தொடங்குவது எளிது. ஆனால் சிறிய அளவிலே கொடையைக் கொடையாகவே வைத்திருப்பதும், ஒரு கண்டத்துக்கு வேண்டிய அளவில் அவ்வாறு வைத்திருப்பதும் ஒன்றல்ல.

போட்டி பதப்படுத்தலின் பயனையே உண்ணத் தொடங்கியமை அண்மைக் காலத்து நிகழ்வாகும். உயிருள்ள கலங்களைக் கொண்ட என்புப் பொருள்கள் விரைவில் ஒட்டும் என்ற விளம்பரத்துடன் சந்தைக்கு வந்தன. கலங்கள் உயிரோடிருக்க வேண்டுமாயின், கிருமிகளை முற்றாக அழிக்கும் முறைகளைக் கையாள இயலாது. 2021இல் அத்தகைய பொருளொன்றில் காசநோய்க் கிருமி இருந்தமை கண்டறியப்பட்டு யூன் மாதத்தில் அது மீளப்பெறப்பட்டது. 2023இல் அதே ஆக்குநரின் வேறொரு பொருளில் மீண்டும் அது நேர்ந்தது. 2021இன் தொகுதி முழுவதும் இறந்த ஒரே மனிதரின் உடலிலிருந்து ஆக்கப்பட்டது. அவ்வொரு தானம் 154 பொதிகளாகி, மீளப்பெறும் கட்டளை வருமுன் 113 நோயாளருக்குப் பொருத்தப்பட்டிருந்தது.