பிளினி காணாத ஏழு மீன்: மன்னார்க் கரையின் பழைய வானத்தை மடிக்கணினியில் திருப்பிப் பார்த்தோம்

இலங்கையில் சப்தரிஷி மண்டலம் தெரியாதாம். கார்த்திகைக் கூட்டமும் அங்கத்தைய ஆட்களுக்குப் புதுசாம். எழுதியவர் ரோமாபுரியின் பெரிய அறிஞர் பிளினி. எழுதிய காலம் ஏறக்குறைய கி.பி. 77.

சித்திரை லீவில் அரிப்புக் கடற்கரையில் குந்தியிருக்கும்போது எங்களில் ஒருத்தி இதை வாசித்துக் காட்டினாள். எல்லாரும் ஒண்டாய் வடக்குப் பக்கம் திரும்பினோம். இரவு ஒன்பது தாண்டியிருந்தது. ஏழும் அப்பிடியே நிற்குது. பக்கத்தில் படகில் சாய்ந்திருந்த சம்மாட்டி ஐயா எங்கட கதையைக் கேட்டுவிட்டு, "உந்த ஏழையும் தெரியாத ஆக்களோ பிள்ளையள் இந்தக் கரையில இருந்தவை?" என்றார்.

நல்ல கேள்விதான். ஆனா அதை வைத்துப் பிளினியைத் தோற்கடிக்க ஏலாது. நாங்கள் பார்த்தது இன்றைய வானம். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தள்ளாடுகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 26,000 வருசம் எடுக்கும். அதனால் ஒரே கரையில் நின்றாலும், 2000 வருசத்துக்கு முந்தி நட்சத்திரங்கள் ஏறி இறங்கிய இடம் வேறு. அப்ப அன்றைய வானத்தை எப்படிப் பார்ப்பது? தொல்லியல் படிக்கிற ஆக்கள் மண்ணைத் தோண்டலாம். வானத்தைத் தோண்ட எங்களிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினியும் ஸ்டெலேரியம் என்ற இலவச மென்பொருளும்.

முதலில் கதை

பிளினி சொல்வது இது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரிடம் இருந்து விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அராபியாவைச் சுற்றிக் கப்பலில் போகிறார். வடகாற்று அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் தப்ரபேனில், அதாவது இலங்கையில், ஹிப்பூரோஸ் என்ற துறையில் சேர்க்கிறது. அரசன் அவரை ஆறு மாதம் வைத்து உபசரிக்கிறான். அவர் கொண்டுவந்த காசுகளில் தலைகள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைப் பார்த்து வியந்து, நாலு தூதுவரை ரோமுக்கு அனுப்புகிறான். அவர்களுக்குத் தலைவர் ராக்கியாஸ். அப்போது பேரரசர் குளோடியஸ் (கி.பி. 41–54).

ஹிப்பூரோஸ் எது? கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. அரிப்புக்குத் தெற்கே அதே கரையில் குதிரைமலை இருக்கிறது. அதனால் அதுதான் இது என்று பலர் எழுதுகிறார்கள். பெயர்ப் பொருத்தம் அழகாகத்தான் இருக்கு. ஆனா அதற்கு மேல் உறுதியான சான்று இல்லை. புளோக்காமஸ் குடும்பம் மட்டும் கற்பனை இல்லை. எகிப்தின் பாலைவனப் பாதையில், பெரெனிக்கே துறைமுகத்துக்குப் போகும் வழியில், அந்தப் பெயருள்ளவரின் அடிமை ஒருவர் கி.பி. 6இல் பாறையில் கீறிய எழுத்து கிடைத்திருக்கிறது. அதை வைத்து, பயணம் குளோடியஸ் காலத்துக்கு முந்தியதாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

இலங்கையைப் பற்றிப் பிளினி எழுதும் வானியல்தான் எங்கட விசயம். அவற்றை ஐந்து கூற்றாகப் பிரித்தோம்.

1. இலங்கையில் சப்தரிஷி தெரியாது.
2. தூதுவர் சப்தரிஷியையும் கார்த்திகையையும் ரோமில் கண்டு, புது வானத்தைக் கண்டதுபோல் வியந்தார்கள்.
3. அவர்கள் நாட்டில் கனோபஸ், நாங்கள் சொல்லும் அகத்திய நட்சத்திரம், பிரகாசமாகத் தெரியும்.
4. சந்திரன் எட்டாம் நாளில் இருந்து பதினாறாம் நாள் வரைதான் தெரியும்.
5. ரோமில் நிழல் விழும் பக்கமும், சூரியன் இடப்பக்கம் உதித்து வலப்பக்கம் மறைவதும் அவர்களுக்கு ஆச்சரியம்.

ஸ்டெலேரியத்தைக் கையில் எடுத்தல்

ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மென்பொருள் இது. கணிதம் தெரியாத கலைப்பீடத்து ஆக்களுக்கும் சரிவரும், பயப்பட வேண்டாம். தேவையான விசைகள் கொஞ்சம்தான்.

எஃப் 6 அழுத்தினால் இடம். மன்னாருக்கு வடக்கு 8.98 பாகை, கிழக்கு 79.9 பாகை. எஃப் 5இல் திகதியும் நேரமும். 1582க்கு முந்திய திகதிகளை அது ஜூலியன் நாட்காட்டியில்தான் காட்டும். நாங்கள் கி.பி. 50ஐ எடுத்தோம். சில பத்து வருசம் முன்பின் போனாலும் முடிவு மாறாது. 7 அழுத்தினால் நேரம் நிற்கும். எல் வேகமாக முன்னே ஓட்டும், ஜே பின்னே இழுக்கும், கே சாதாரண வேகத்துக்குக் கொண்டுவரும். சீ விசை நட்சத்திரக் கூட்டங்களின் கோடுகளைக் காட்டும். இசட் உயரம் அளக்கும் கட்டங்களைப் போடும். சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் கிட்டவோ தூரவோ போகலாம்.

இரண்டு இடத்தில் சறுக்கினோம். நீங்களும் சறுக்காமல் இருக்கச் சொல்கிறோம். மென்பொருள் தொடங்கும்போது தரும் நிலக்காட்சி பிரான்ஸ் நாட்டு ஊர் ஒன்றுடையது, மரங்கள் அடிவானத்தை மறைக்கும். எஃப் 4இல் கடல் காட்சிக்கு மாற்றினால்தான் எங்கட கரைக்குப் பொருந்தும். மற்றது, ஜீ விசை நிலத்தையே இல்லாமல் ஆக்கிவிடும். அதை அழுத்திவிட்டு மறந்தால், அடிவானத்துக்குக் கீழே இருக்கும் நட்சத்திரமும் "தெரியுது" என்று தோன்றும். ஒருநாள் முழுக்க அப்படித்தான் பிழையாகக் குறிப்பெடுத்தோம்.

பன்னிரண்டு மாதம், இரண்டு ஊர். ஒவ்வொன்றாகக் கையால் மாற்றிக் களைத்துப்போய்த்தான் ஸ்கிரிப்டுக்கு வந்தோம். ஸ்கிரிப்ட் என்றால் மென்பொருளுக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல், அவ்வளவுதான். எஃப் 12 அழுத்தினால் எழுதும் பெட்டி வரும். எங்கட பட்டியல் இவ்வளவுதான்: இடத்தை மன்னாருக்கு மாற்று, கோடுகளைக் காட்டு, வடக்கைப் பார், திகதியை வை, ஐந்து விநாடி பொறு, அடுத்த மாதத்துக்குப் போ. பன்னிரண்டு முறை முடிந்ததும் இடத்தை ரோமுக்கு மாற்றித் திரும்பச் செய். 'பொறு' என்ற வரியை முதலில் விட்டுவிட்டோம். ஒரு வருசம் கண் சிமிட்டுவதற்குள் ஓடி முடிந்தது!

பெரிய பிழை வேறு. இரவு 8 மணி என்று எழுதினோம். உள்ளூர் நேரம் என்று தனியாகக் குறிப்பிடாவிட்டால் ஸ்கிரிப்ட் அதைக் கிறீன்விச் நேரமாக எடுக்கும். மன்னாரில் அது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் மேல். ஜூன் மாதத்தை ஓடவிட்டுப் பார்த்தால் சப்தரிஷியின் பெரும்பகுதி கடலுக்குள் போயிருந்தது. "பிளினி சரிதான்" என்று கட்டுரை எழுதவும் தொடங்கிவிட்டோம். ஒரு சொல்லைச் சேர்த்து உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் ஏழும் அடிவானத்துக்கு மேலே வந்து நின்றன. ஆதாரம் என்பது கேள்வி கேட்கும் விதத்தையும் பொறுத்தது என்று விரிவுரைகளில் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்ப என்ன தெரிந்தது?

கி.பி. 50இல் மன்னார்க் கரையில் சப்தரிஷி நன்றாகத் தெரிந்திருக்கிறது. உச்சிக்கு வரும்போது முனை நட்சத்திரம் 28 பாகையிலும் வால் நுனி ஏறக்குறைய 40 பாகையிலும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்துப் பாகை. அதாவது கடலுக்கு மேலே மூன்று, நாலு முஷ்டி உயரம். முதல் கூற்று பிழை. கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. அதைக் காணாத ஒருவர் மேலே பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். சந்திரனைப் பற்றியதும் பிழை. சமக்குறி விசையை அழுத்தினால் ஒவ்வொரு நாளாக நகரும். மூன்றாம் பிறையும் தேய்பிறையும் மற்ற ஊரைப் போலவே வருகின்றன.

ஆனா பிளினி முழுப் பொய்யரும் இல்லை. அகத்தியம் மன்னாரில் 28 பாகை வரை ஏறுகிறது, ரோமில் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அது சரி. நிழல் கதை பாதி சரி. சித்திரை நடுப்பகுதியில் சூரியன் எங்கட தலைக்கு நேரே வரும். அதில் இருந்து ஓகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ரோமில் ஒருநாளும் அப்படி நடக்காது.

இரண்டு ஊரையும் மாறி மாறி ஓடவிட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது. அன்றைய ரோமில் சப்தரிஷியின் ஏழில் ஒன்றும் மறைவதில்லை. வருசம் முழுக்க, இரவு முழுக்க, வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டே நிற்கும். மன்னாரில் அது மற்ற மீன்களைப் போலக் கடலில் எழுந்து கடலில் விழும். "எங்கட ஊரில் இது மறையும்" என்று தூதுவர் சொன்னது, மொழிபெயர்ப்பிலும் கைமாறியதிலும் "எங்கட ஊரில் இது தெரியாது" என்று ஆகியிருக்கலாம். இது எங்கட ஊகம் மட்டும்தான். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தப்ரபேன் ஒரு வேறு உலகம், தலைகீழ் மனிதரின் நாடு என்ற எண்ணம் ரோமருக்கு முன்பே இருந்தது. பிளினியே அதைக் குறிப்பிடுகிறார். அடுத்த நூற்றாண்டில் தொலமி வரைந்த இலங்கையும் உண்மையைவிடப் பலமடங்கு பெரிசு, பூமத்திய ரேகைக்குத் தெற்கேயும் நீளும். அவ்வளவு தெற்கே இருக்கும் நாட்டில் வடக்கத்தைய நட்சத்திரம் எப்படித் தெரியும்? தூதுவர் சொன்னது, கேட்டவரின் தலைக்குள் ஏற்கனவே இருந்த வரைபடத்துக்கு ஏற்றபடி வெட்டப்பட்டிருக்கிறது.

பாக்கு நீரிணைக்கு இரு பக்கமும் இருந்த தமிழர் அந்த ஏழைக் கண்டிருக்கிறார்கள் என்பதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. நற்றிணையின் 231ஆம் பாட்டு, நெய்தல் திணை, கடலில் குளிக்கும் வெண்பறவைகளுக்கு உவமையாக, கும்பிடப்படும் ஏழு மீனைத்தான் சொல்கிறது.

எங்கட பெருமைக்கும் ஒரு திருத்தம்

பிளினியைத் திருத்திவிட்டு நிறுத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனா "எங்கட முன்னோர் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டினார்கள்" என்று நாங்களே பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளில் முழங்கியிருக்கிறோம். அதே கி.பி. 50இல் வடக்கைப் பார்த்தோம். இன்றைய துருவ நட்சத்திரம் அன்று துருவத்தில் இல்லை. சுமார் 11, 12 பாகை தள்ளி நின்று மற்றவை போலச் சுற்றுகிறது. மன்னாரில் துருவமே 9 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, அந்த நட்சத்திரம் சில வேளை கடலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. முன்னோர் வடக்கைக் கண்டுபிடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கண்டுபிடித்தால் வேறு விதமாக, பல மீன்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். எப்படி என்று மென்பொருள் சொல்லாது. என்ன தெரிந்திருக்கும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். யார் பார்த்தார்கள், என்ன பெயர் வைத்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் அதற்கு வெளியே.

அந்த வெளியேதான் எங்களுக்கு வேலை இருக்கிறது. இந்தக் கரையின் பெரிய பழைய துறையான மாந்தையில் 1980இல் தொடங்கிய அகழாய்வை யுத்தம் 1984இல் நிறுத்தியது. எழுத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி வந்து போனவர்கள் எழுதியது. அன்றிரவு சம்மாட்டி ஐயாவிடம், கடலில் இப்பவும் நட்சத்திரம் பார்ப்பதுண்டோ என்று கேட்டோம். "இப்ப ஜி.பி.எஸ். தானே. அப்பு இருந்திருந்தா ஒவ்வொண்டுக்கும் பேர் சொல்லியிருப்பார்" என்றார். ஐயாவுக்கு நினைவிருந்தவை நாலைந்து பெயர்தான். அவற்றை எழுதிக்கொண்டோம். அடுத்த லீவுக்கு மடிக்கணினியோடு திரும்பப் போகிறோம். அவருடைய அப்பு கடலுக்குப் போன காலத்து வானத்தைத் திரையில் வைத்துவிட்டு, இந்த முறை நாங்கள் பேசாமல் இருக்கப் போகிறோம்.

உங்கட ஊரிலும் ஒரு அப்புவோ ஆச்சியோ இருப்பார்கள். எஃப் 6இல் உங்கட ஊரைப் போடுங்கள். பிறகு போய்க் கேளுங்கள்.