மண்டபம் முகாமும் அகதிகளின் மருத்துவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



இராமேசுவரம் செல்லும் இரயில், மண்டபத்திற்கு முன்பாக 'மண்டபம் கேம்ப்' என்னும் நிலையத்தைக் கடக்கிறது. 'கேம்ப்' என்னும் ஆங்கிலச் சொல் நம் பகுதி மக்களின் நாவில் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. அது யாருக்காக அமைக்கப்பட்ட முகாம் என்று நம் இளைஞர்கள் கேட்பதில்லை. அம்முகாமின் வரலாறு பெரும்பாலும் நோயின் வரலாறாகவே இருந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியால் அவ்வழியில் மாண்டோர் ஏராளம். 1914 பிப்ரவரி 24-இல் பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், தொழிலாளர் போக்குவரத்து நம் கரை வழியே திரும்பியது. அதனையொட்டி இலங்கை அரசாங்கம் நம் மண்ணிலேயே, தன் செலவில், மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாமை நடத்தியது. கங்காணிகள் அழைத்து வந்தவர்கள் அங்கே சில நாட்கள் தங்க வைக்கப்பட்டனர். அவர்களுடைய துணிகள் நீராவியில் வைத்துச் சுத்தம் செய்யப்பட்டன. அம்மைப்பால் குத்தப்பட்டது, பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து புகட்டப்பட்டது.

நோய் பரவாமல் தடுத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து படையோடு திரும்பிய நிகழ்ச்சியை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆகவே மண்டபத்தில் தடுத்து வைத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் அங்கிருந்த மருத்துவத்தின் முதல் நோக்கம், தோட்டங்களுக்கு நோய் சென்றுவிடக் கூடாது என்பதே. தொழிலாளியின் சுகம் அதற்கு அடுத்தபடியாகத்தான் எண்ணப்பட்டது என்பது நம் கருத்து.

1964-ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கும் இம்முகாமே முதல் தங்குமிடமாயிற்று. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அகதிகள் வரத் தொடங்கினர். 1990-இலும், 1996-ஐ ஒட்டியும், 2006-க்குப் பின்னரும் அலையலையாக வந்தனர். தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போய்விட, குடிக்க நீரின்றி வெயிலில் தவித்தவர்களை நம் கரையோர மீனவர்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

அரசு மருத்துவர்கள் பரிசோதித்து மருந்து அளித்தனர். எனினும் மருத்துவர் வந்துபோகும் நேரம் சிறிது. நெருக்கமான கொட்டகைகளில் நோய் இருக்கும் நேரமோ பெரிது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உடனே கொடுக்கச் சொல்வது யார்? குண்டுவீச்சில் பிள்ளையைப் பறிகொடுத்து, பேச்சற்றுப்போன தாயின் அருகில் அமர்வது யார்? இந்தக் குறையை நிரப்பியவர்கள் அகதிகளேயாவர். தந்தை செல்வாவின் புதல்வர் சா.செ. சந்திரஹாசன் 1980-களில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் உள்ள அகதிகளிடையே இருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, அவர்களைச் சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. குழந்தைகளின் சத்துக்குறைவைப் போக்கச் சுருள்பாசி வளர்க்கவும் அவர்கள் கற்றனர். ஒரே துயரைக் கடந்து வந்தவர் சொல்லும்போது, மருந்தைக் குறித்த அச்சமும் குறைகிறது.

இதே வழி பர்மா எல்லையிலும் கண்டறியப்பட்டது. அந்நாடு நமக்கு அந்நியமன்று. நம் கடற்கரை ஊர்களிலிருந்து இரங்கூனுக்கு வாணிபம் செய்யச் சென்றோர் பலர். 1941 டிசம்பரில் அந்நகர்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபின், இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே திரும்பினர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பல்லாயிரவர் வழியிலேயே இரையாயினர். அவர்கள் நடந்த வழியில் மருத்துவம் என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பமே. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1988 எழுச்சி ஒடுக்கப்பட்டபோது பர்மியர்களே தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஓடினர். அவர்களுள் ஒருவரான கரென் இன மருத்துவர் சிந்தியா மாவுங், 1989-இல் மே சோட் நகரில் ஒரு பழைய வீட்டில் சிகிச்சை தொடங்கினார். மருத்துவக் கருவிகளை அவர் சோறு ஆக்கும் மின்பானையிலேயே கொதிக்க வைத்தார் என்பது உலகறிந்த செய்தி. அகதி இளைஞர்களையே அவர் மருத்துவ உதவியாளர்களாக ஆக்கினார். 1998 முதல் அத்தகையோர் முதுகில் மருந்துப் பையைச் சுமந்து, எல்லைக்கு உள்ளேயும் சென்று வைத்தியம் செய்கின்றனர். 2002-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

மண்டபத்திற்கு மீண்டும் வருவோம். 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, அதே மணல் திட்டுகளில் மீண்டும் குடும்பங்கள் வந்திறங்கின. அரிசியும் பால்மாவும் வாங்க இயலாமையே இம்முறை அவர்களை விரட்டியது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையை அழித்தபோது, பிள்ளைகளை இழந்த நம் நாட்டு மக்களுக்கு ஆறுதல் கூறச் சென்றவர்களுள், முகாம்களில் பயிற்சி பெற்ற அந்த அகதித் தொண்டர்களும் இருந்தனர்.