ஃபோர்க்: யுனிக்ஸில் புதிய செயல்முறை பிறக்கும் முறையின் வரலாறு

கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் செயல்முறை எனப்படும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் புதிய செயல்முறையை உருவாக்க, நிரல்கள் பொதுவாக 'ஃபோர்க்' என்ற அழைப்பைப் பயன்படுத்துகின்றன. இது புதிய நிரல் எதையும் தொடங்குவதில்லை. அழைத்த செயல்முறையையே நகலெடுக்கிறது. மூலம் தாய் என்றும் நகல் சேய் என்றும் அழைக்கப்படும். பின்னர் சேய், 'எக்செக்' என்ற மற்றோர் அழைப்பின் மூலம் தன்னிடத்தில் வேறொரு நிரலை ஏற்றிக்கொள்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு படிகள் வந்ததற்கான காரணம் யுனிக்ஸின் தொடக்க காலத்தில் உள்ளது.

பின்னணி

ஒரு நிரலின் ஓட்டம் இரண்டாகக் கிளைப்பதை மெல்வின் கான்வே 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் 'ஃபோர்க்' என்று குறிப்பிட்டார். பின்னர் பெர்க்லியில் எஸ்.டி.எஸ். 940 கணினிக்காக உருவான நேரப்பகிர்வு அமைப்பிலும் இவ்வசதி இருந்தது. யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன் பெர்க்லியில் படித்தவர்.

முதல் யுனிக்ஸ்

தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பி.டி.பி-7 கணினியில் பணியாற்றினர். அதன் இரண்டு முனையங்களுக்கும் தலா ஒரு செயல்முறையே இருந்தது. கட்டளைகளைப் பெறும் 'ஷெல்', உரிய நிரலைத் தன்மீதே ஏற்றிவிட்டு மறையும். வேலை முடிந்ததும் ஷெல் மீண்டும் ஏற்றப்படும். ஆகவே நிரலை ஏற்றும் வழி முன்பே இருந்தது. செயல்முறையை வட்டுக்கு மாற்றி எழுதும் வழியும் இருந்தது. அதைக் கொண்டே நகலெடுக்க முடிந்ததால், ஃபோர்க்கிற்கு 27 வரி அசெம்பிளி நிரலே போதுமானதாக இருந்தது என ரிட்சி பதிவு செய்துள்ளார்.

இம்மாற்றத்தால், அடைவை மாற்றும் கட்டளை பயனற்றுப்போனது. அது சேயில் இயங்கியதால் சேயின் அடைவே மாறியது. சேய் முடிந்ததும் ஷெல் பழைய அடைவிலேயே நின்றது. எனவே அக்கட்டளையை ஷெல்லே நிறைவேற்றுமாறு அமைத்தனர். இன்றைய லினக்ஸிலும் 'சிடி' கட்டளை ஷெல்லுக்குள்ளேயே இருப்பது இதனால்தான்.

பிற்கால வளர்ச்சி

இரண்டு படிகளாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. நகலெடுத்த பின், நிரலை ஏற்றுமுன், சேய் தன் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம். ஏற்றப்படும் நிரலுக்கு அது தெரியவேண்டியதில்லை.

நிரல்கள் பெரிதானபோது முழு நகலெடுப்பு வீண்செலவாயிற்று. 1979-இல் 3பி.எஸ்.டி. பதிப்பு நகலெடுக்காத 'விஃபோர்க்' அழைப்பைத் தந்தது. இன்றைய லினக்ஸில் தாயும் சேயும் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று எழுத முற்படும் பக்கம் மட்டுமே அப்போது நகலெடுக்கப்படுகிறது.

விண்டோஸில் ஒரே அழைப்பு புதிய செயல்முறையை உருவாக்கி நிரலையும் ஏற்றிவிடுகிறது. பல இழைகள் கொண்ட இக்கால நிரல்களுக்கு ஃபோர்க் பொருந்தவில்லை என்றும் அதைக் கைவிட வேண்டும் என்றும் 2019-இல் ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். எனினும் சிறிய கணினி ஒன்றுக்காக எளிமை கருதிச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு லினக்ஸில் இன்றும் தொடர்கிறது.